வண்டி நேராகப் போகிறது என்று அவர் சொன்ன காலை

வேலைக்குச் சேர்ந்ததும் நீங்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஓட்டுகிறவர் வண்டியில் கோளாறு என்கிறார். நாம் பார்த்தால் வண்டி நன்றாக இருக்கிறது. யார் பேச்சை நம்புவது? ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தும் எனக்கு இதற்கு ஒரு பதில் அகப்படவில்லை. அதனால் பதிலுக்குப் பதிலாக ஒரு காலைப் பொழுதைச் சொல்கிறேன். அதை வைத்து நீங்களாக ஏதாவது முடிவுக்கு வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

பாளையம்பட்டியில் என் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவதில் தொடங்கி சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது வரை அங்கேதான் எனக்குக் கை பழகியது. கண்மாய்க் கரையைச் சுற்றிச் சிமெண்ட் கல் பதித்து நடைபாதை போட்ட பிறகு, நம் மறுவாழ்வு மையத்துக்காரர்கள் சாய்ந்து ஓட்டும் மூன்று சக்கர வண்டிகளை வாங்கி வந்தார்கள். நடக்கத் தடுமாறுகிறவர்களும் காற்று வாங்கட்டும், கால்களுக்கும் வேலை இருக்கட்டும் என்று. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. தரையோடு தரையாகச் சாய்வு நாற்காலி மாதிரி ஒரு இருக்கை. மிதிகட்டை கால் நீட்டுகிற தூரத்தில், கைப்பிடி இடுப்புக்கு இரு பக்கமும். அவற்றைப் பராமரிக்க என்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். முதலில் பார்த்தபோது இதில் எங்கே கை வைப்பது என்றே எனக்குப் புரியவில்லை. பிரித்துப் பார்த்தால் எல்லாம் நமக்குத் தெரிந்த செயினும் போல்ட்டும்தான்.

இருளப்பன் அண்ணன் அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் இடையே பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் பாதி விழுந்துபோய், பிறகு கொஞ்சம் தேறி, கோலூன்றி நடக்கிற நிலையில் எங்களிடம் வந்தார். அவர் மனைவி பாண்டியம்மா மதினி ஆட்டோவில் கூட்டி வருவார். அண்ணன் வண்டியில் ஏறிப் போனதும், மதினி ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் புங்கமர நிழலில் உட்கார்ந்துவிடுவார்.

முதல் நாளிலிருந்தே அண்ணனுக்கு ஒரே புகார்தான்.

“வண்டி இடது பக்கமா இழுக்குதும்மா.”

காற்றுப் பார்த்தேன். கருவேல முள் ஏதும் ஏறி மெல்ல இறங்குகிறதா என்று டியூப்பைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். நானே ஏறி ஓட்டினேன், நேராகத்தான் போனது. மழைத் தண்ணீர் வடிவதற்காகப் பாதையைக் கண்மாய்ப் பக்கம் சற்றுச் சரித்துப் போட்டிருக்கிறார்கள், அதனாலோ என்று எதிர்ப்பக்கமாகச் சுற்றச் சொன்னேன். அப்போதும் இடது பக்கம் இழுக்கிறது என்றார். மையத்தில் உடற்பயிற்சி கொடுக்கிற பெண்ணைக் கேட்டேன். “இழுக்குறது வண்டி இல்லக்கா, அவரோட கை. இடது பக்கம்னு ஒண்ணு இருக்குறதே சில சமயம் அவருக்கு மறந்துபோகுது” என்றாள். அதை அண்ணனிடம் சொன்னபோது அவர் முகம் சுண்டிவிட்டது.

“எத்தன வருசம் பஸ் ஓட்டுனவன் நான். ஸ்டியரிங் இழுக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?”

அவர் சொல்வதும் நியாயம்தானே. மறுபடி வண்டியைக் கிடத்தினேன். முன் சக்கரம் இரண்டையும் சேர்க்கிற இணைப்புக் கம்பியில் மயிரிழை வித்தியாசம் இருந்த மாதிரித் தெரிந்தது. இருந்ததா, தேடித் தேடி என் கண்ணுக்கு அப்படித் தோன்றியதா, அதுவும் சந்தேகம்தான். எதற்கும் இருக்கட்டும் என்று திருகிச் சரிசெய்து, சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டு, “வண்டி ரெடிண்ணே, காலைல வந்து பாருங்க” என்றேன்.

மறுநாள் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சல். அவரை உட்காரவைத்து, இடது காலை மிதிகட்டையில் வைத்துப் பட்டை போட்டேன். வழக்கம்போல நான் என் சைக்கிளில் பின்னாலேயே போனேன். ஆளைத் தனியாக விடக் கூடாது என்பது நம் மையத்தின் விதி. அந்த விதியை நீங்கள் ஒருநாளும் தளர்த்தாதீர்கள்.

முதல் சுற்று பாதி போனதும் கேட்டேன்.

“எப்படிண்ணே இருக்கு?”

“நேராப் போகுதும்மா. கைய விட்டாலும் அது பாட்டுக்குப் போகும் போல.”

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. மாதக்கணக்கில் பிடிபடாதது பிடிபட்டுவிட்டது. கம்பிதான் கோளாறு. அவர் சொன்னது சரி, நானும் ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டேன். மனதுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் சுற்றில் கண்மாயின் மறுகரைக்குப் போனபோதுதான் ஒரு சத்தம் கேட்டது. நறநற என்று மண்ணில் ரப்பர் அரைபடுகிற சத்தம். பார்த்தால் அண்ணனின் இடது முன்சக்கரம் பாதையைவிட்டு இறங்கிக் கரிசல் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கை தள்ளிச் சரிவு. சரிவில் முழுக்கப் பாறைக்கல் பதித்திருக்கிறார்கள். கண்மாயில் தண்ணீரும் இல்லை; விழுந்தால் கல்லில்தான் விழ வேண்டும்.

“அண்ணே, சக்கரம் மண்ணுல போகுது!”

“எங்க போகுது? ரோட்டுலதான போகுது.”

என் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், இருக்கைக் கம்பியைப் பிடித்து நிறுத்தி, பிரேக்கைப் பூட்டினேன். அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார்.

“ஏன் நிறுத்துற? டைம் ஆகுது. பாலவனத்தத்துல ஆளு நிக்கும்.”

பாலவனத்தம் அவர் பஸ் ஓட்டிய வழியில் ஒரு நிறுத்தம். நான் சிரித்துவிட்டேன். ஏனென்றால் அவர் எப்போதும் அப்படி விளையாடுகிறவர்தான். நடைபாதையில் எதிரே வருகிறவர்களைப் பார்த்து, “உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீக” என்பார். இதுவும் அந்த விளையாட்டா? முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

முதலில் என் புத்தி வண்டியிடம்தான் போனது. நேற்று நான் திருகிய கம்பி கழன்றுவிட்டதோ? குனிந்து பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. அவர் கை மேல் என் கையை வைத்துக் கொஞ்ச தூரம் தள்ளினேன். நேராகப் போனது. என் கையை எடுத்தேன். இடது பக்கம் திரும்பியது. அவரோ, “பாத்தியா, எவ்வளவு நேராப் போகுது!” என்றார்.

அப்போதுதான் அவர் காலைக் கவனித்தேன். இடது கால் பட்டையிலிருந்து உருவிக்கொண்டு, குதிகால் தரையில் இழுபட்டிருந்தது. செருப்பு எங்கேயோ விழுந்திருந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை.

பக்கவாதம் வந்தால் வாய் கோணும், ஒரு கை தூக்க வராது, பேச்சுக் குழறும் என்று நமக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இவருக்கு வாய் ஏற்கெனவே லேசாகக் கோணல். இடது கை ஏற்கெனவே பாதிதான் எழும்பும். இதில் எது பழசு, எது புதுசு? சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மிதித்த வேர்வையா, வேறு வேர்வையா? காலைக் குளிர்ச்சி இன்னும் போகவில்லை. அதே காற்றில் வந்த எனக்கு வேர்க்கவில்லை. ஆனால் நான் அவரைப்போலப் பாதிக் காலை வைத்துக்கொண்டு மிதிக்கவும் இல்லையே.

மதினிக்குப் போன் போட்டேன். கரை மேல் கூடையோடு ஓடி வந்தார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. வந்ததும் மூச்சு வாங்க அண்ணன் நெற்றியைத் தொட்டார்.

“ஐயோ, சில்லுன்னு இருக்கே. செல்வி, இது சக்கர எறங்கிருச்சு. காலைல சுகர் மாத்திரையப் போட்டுட்டு, இட்லிய வச்சது வச்சபடி விட்டுட்டு வந்தாக. வண்டி ரெடியாயிருச்சுன்னு நீ சொன்னதுலருந்து இவுக ஒரு நெலையில இல்ல.”

சொல்லிக்கொண்டே கூடையிலிருந்து கருப்பட்டி மிட்டாயை எடுத்தார். அதற்குள் நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் நூல் வியாபாரி, எனக்கு முகப்பழக்கம் உண்டு. அவர் மதினியின் கையைத் தடுத்தார்.

“வாயில ஒண்ணும் குடுக்காதீக. இது பக்கவாதம். எங்க மாமாவுக்கு இப்படித்தான் வந்துச்சு. குடுத்தா பொறையேறி மூச்சு நின்னுரும்.”

இன்னொருவர், “மயக்கம்தாங்க, தண்ணி குடுங்க சரியாப்போகும்” என்றார். ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மையத்துக்காரி, நீலச் சட்டை போட்டிருக்கிறேன், அதனால் எனக்குத் தெரியும் என்று நினைத்தார்கள்.

எனக்குத் தெரிந்தது வண்டி மட்டும்தான். சர்க்கரை இறங்கியிருந்தால் இனிப்புக் கொடுக்காமல் இருப்பது ஆபத்து. பக்கவாதமாக இருந்தால் கொடுப்பது ஆபத்து. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே வரக் கூடாது என்று ஏதாவது இருக்கிறதா?

பாட்டில் மூடியில் துளித் தண்ணீர் எடுத்து அண்ணன் உதட்டில் வைத்தேன். முழுங்கத் தெரியாமல் இருமினார். கண் கலங்கியது. மூடியைக் கீழே வைத்துவிட்டேன்.

மதினிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “இப்படியே பாத்துக்கிட்டே நின்னா ஆச்சா? சக்கர எறங்கி ஆளு போயிட்டா நீயா வந்து பதில் சொல்லுவ?”

“எனக்குத் தெரியல மதினி” என்றேன்.

அப்படிச் சத்தமாகச் சொன்னதும் எனக்குள் ஏதோ ஒன்று இளகியது. அதுவரை இது எது, எது என்று மனசு சுற்றிக்கொண்டே இருந்தது. தெரியாது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு அடுத்த சொல் தானாக வந்தது.

“சக்கரையோ வாதமோ, அதக் கண்டுபிடிக்குறது நம்ம வேல இல்ல. தெரிஞ்சவுககிட்டக் கொண்டு போவோம். மதினி, மிட்டாய விரல்ல நசுக்கி இவுக கன்னத்துக்கு உள்ளாற லேசாத் தடவுங்க. முழுங்கச் சொல்லாதீக. மொகத்த ஒரு பக்கமாச் சாச்சு வைங்க. அண்ணே, நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு வாசலுக்கு வரச் சொல்லுங்க.”

தண்ணீர் கொடுக்கச் சொன்னவர்தான் போன் போட்டார். போட்டவர் திரும்பி, “உள்ள வர முடியாதே” என்றார். ஆமாம். பைக்குகள் நுழையாமல் இருக்க நடைபாதை வாசலில் கல்தூண் நட்டிருக்கிறார்கள். அண்ணன் கனத்த உடம்பு. தூக்குவது என்றால் நாலு பேர் வேண்டும். தூக்கினால் தலை தொங்கும். ஆனால் அவர் ஏற்கெனவே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். விழ முடியாத மூன்று சக்கரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இதைவிட நல்ல ஸ்ட்ரெச்சர் எங்கே கிடைக்கும்?

முன்னால் போனால் மடை இருக்கிறது, அங்கே பாதை செங்குத்தாக ஏறி இறங்கும். வந்த வழியே திரும்பலாம் என்றேன். இந்த வண்டி ஒடுக்கமான பாதையில் வளைந்து திரும்பாது என்பது உங்களுக்குத் தெரியும். பின்சக்கரத்தை இரண்டு பேர் தூக்கி அப்படியே சுற்றி வைத்தோம். பட்டையை இறுக்கி இடது காலைத் தரையில் படாமல் கட்டினேன். நூல் வியாபாரி தோளில் கிடந்த துண்டை முன்கம்பியில் முடிந்து இழுத்தார். மற்றவர் பின்னாலிருந்து தள்ளினார். நான் குனிந்தபடி அண்ணனின் இடப் பக்கம் நடந்து, அவர் கையோடு சேர்த்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை என் கைக்குள் இடது பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது நாங்கள் போவது எதிர்த்திசை. இழுத்தால் வயல் பக்கத்துப் பள்ளம். இடுப்பு ஒடிந்துவிடும் போல இருந்தது. ஆனாலும் கையை எடுக்கத் துணியவில்லை.

மதினி வலப் பக்கம் நடந்தார். “தூங்கவிடாதீக, பேசிக்கிட்டே வாங்க” என்று சொல்லியிருந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டுக்காரர் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். அண்ணன் கண்ணைத் திறக்காமலே முனகினார்.

“பாலவனத்தம் எறங்கு... பாலவனத்தம்...”

மதினி ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தி, “எறங்கியாச்சு! போலாம், ரைட்டு!” என்றார்.

அண்ணனின் வலது கால் மிதிகட்டையை அழுத்தியது. ஆக்சிலேட்டரை மிதிக்கிறார் போல. மதினி அழுதுகொண்டே ஒவ்வொரு நிறுத்தமாகச் சொன்னார். யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், எந்தச் சீட்டில் யார் பருத்தி மூட்டையை வைத்துக்கொண்டு வழியை மறிக்கிறார்கள் என்று இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அண்ணன், “மூட்டைக்கு டிக்கெட் வாங்கச் சொல்லு” என்றார். அது நினைவு திரும்பிச் சொன்னதா, நினைவு தப்பிச் சொன்னதா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பேசுகிறார் அல்லவா, அது போதும் என்று இழுத்தோம்.

வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அதில் வந்தவர் விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்று உடனே ஊசி வழியாக மருந்து ஏற்றினார். மதினி என்னைப் பார்த்த பார்வையில் ‘நான் சொன்னேனா இல்லையா’ என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் கண் விழித்து, “இங்க எதுக்கு வந்தோம்?” என்றார். சரி, மதினி சொன்னதுதான் என்று நானும் முடிவுகட்டினேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் அவருடைய இடது கை முன்பிருந்த அளவுக்குக்கூட எழும்பவில்லை. மதுரைக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாக ஒரு சின்ன அடைப்பு இருக்கும் போலிருக்கிறது என்றார்கள்.

ஸ்கேன் பார்த்த டாக்டரிடம் நான் நேராகவே கேட்டேன். “எது முதல்ல வந்துச்சுங்க? நாங்க செஞ்சது சரியா?”

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சர்க்கரை இறங்கினாலே பழைய வாதம் திரும்ப வந்த மாதிரி காட்டும். புதுசாவும் வந்திருக்கலாம். எது முதல்லன்னு என்னால சொல்ல முடியாதும்மா. சீக்கிரம் கொண்டு வந்தீங்க. அது சரி.”

அவ்வளவுதான். படித்தவர், படம் எடுத்தவர், அவருக்கே அதற்கு மேல் தெரியவில்லை. எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அந்தக் கம்பியை நான் திருகியதால் ஏதாவது மாறியதா, இல்லை அவருக்கு உணர்வு குறைந்ததால்தான் வண்டி நேராகப் போவதாகத் தோன்றியதா என்பதும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதிலிருந்து உங்களுக்கு நான் என்ன சொல்ல? புகார் சொல்கிறவரைவிட, தினமும் புகார் சொல்லி ஒருநாள் சொல்லாமல் விடுகிறவரைக் கூர்ந்து பாருங்கள் என்று சொல்லலாம். ஆனால் அடுத்த முறை அப்படியே வராது, வேறு மாதிரி வரும். குழம்பி நிற்கிற நேரத்தில் குழப்பம் தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தெரியவில்லை என்று பக்கத்தில் இருப்பவர் காதுபடச் சொல்லிவிட்டு, எது இருந்தாலும் கெடுதல் செய்யாத காரியம் எது என்று பார்த்து அதைத் தொடங்குங்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

சில மாதம் கழித்து டாக்டர் அனுமதித்து அண்ணன் திரும்பி வந்தார். உடம்பு இளைத்திருந்தது. அந்தக் காலைப் பொழுது அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. நான் வண்டியைத் துடைத்து அவரை உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். மதினி வழக்கம்போல மரத்தடிக்குப் போகவில்லை. ஒயர் கூடையை என் கையில் கொடுத்தார்.

“செல்வி, எனக்கும் ஒரு வண்டி எடுத்து விடு.”

அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார். “ஒனக்கு என்ன வந்துச்சு? இது முடியாதவுக ஓட்டுற வண்டி.”

“நீங்க போற எடத்துக்கெல்லாம் என்னால ஓடியார முடியல. நானும் முடியாதவதான்.”

மையத்தின் விதியில் அதற்கு இடம் இருந்ததா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கடைசியில் நின்ற வண்டியை எடுத்து, மிதிகட்டைக் குழாயை மதினியின் கால் அளவுக்கு உள்ளே தள்ளி இறுக்கினேன். சேலை செயினில் சிக்காமல் கொசுவத்தைச் சுருட்டிக் கிளிப் போட்டேன். கையில் பிரேக்கைக் காட்டிக்கொடுத்தேன். பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துப் பார்த்தார். சைக்கிள்கூட ஏறியறியாத மதினி அதில் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை நீட்டி, ஆகாயத்தைப் பார்த்து ஒரு தரம் பெருமூச்சு விட்டார்.

இரண்டு வண்டியும் புறப்பட்டன. நான் என் சைக்கிளில் பின்னால் போனேன். மதினி அண்ணனுக்கு இடப் பக்கம் போய், சரிவை மறைத்துக்கொண்டு ஓட்டினார். அப்படிப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அண்ணன் தலையைத் திருப்பி அவரைத் தேடினார். அந்தப் பக்கம் அவர் தானாகத் திரும்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.